நாற்பது பெட்டுக்குக் கீழே ஒரு பாய்

1. வெள்ளைப் பாதம்

முனிராஜ் முதல் நாள் என் பயிற்சிக்கு வந்தப்போ, செருப்பை வெளிய கழட்டிட்டு உள்ள நடந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாப் பாதம் பதிஞ்சுது. கிரானைட் தூள். ஓசூருக்கு வெளிய ஒரு கல்லுப் பட்டறையில கட்டிங் மெஷின் ஓட்டுறவரு. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு, குளிக்காம, பஸ் ஏறி நேரா வந்திருந்தாரு. நான் கத்தினேன்.

"ஏங்க, இது லேப்புங்க! இந்தத் தூளோட உள்ள வந்தா என் விதை என்னத்துக்கு ஆவுறது? போயி கைகால் கழுவிட்டு வாங்க."

அவரு கீழ இறங்கினாரு. பின்னாடி குழாய்க்குப் போயி முழங்கால் வரைக்கும் கழுவிட்டு, சட்டையை உதறிப் போட்டுக்கிட்டு வந்து கடைசி வரிசையில உக்காந்தாரு. பக்கத்துல அவரு சம்சாரம் சுகந்தி, ஒரு நாற்பது பக்க நோட்டோட. முனிராஜுக்கு ஊரு அஞ்செட்டி மலைப்பக்கம், நாட்றாம்பாளையம். சுகந்திக்கு வத்தலக்குண்டு பக்கம். ரெண்டு பேரும் ஒரு கம்பெனி கேன்டீன்ல வேலை பாக்குறப்போ பழக்கமாகிக் கல்யாணம் கட்டினவங்க. பாகலூர் ரோட்டுல ஒரு லைன் வீட்ல வாடகைக்கு இருந்தாங்க.

நான் யாருன்னு சொல்லிடுறேன். என் பேரு வனஜா. சிப்காட்ல ஒரு மருந்துக் கம்பெனி லேப்ல பதினோரு வருஷம் வேலை பாத்தேன். கம்பெனியை மூடிட்டுப் போனப்புறம் காளான் விதை போடக் கத்துக்கிட்டேன். விதைன்னா செடி விதை இல்ல. வேக வெச்ச சோளத்துல காளான் பூஞ்சையை வளர விட்டு, கவர்ல அடைச்சு விக்கிறது. அதை வாங்க ஆள் வேணுமில்ல? அதுக்காக ஞாயித்துக்கிழமை பயிற்சி வெச்சேன். விதை விக்கத்தான் பயிற்சி. சேவைன்னு சொல்லி ஊரை ஏமாத்த எனக்கு வாய் வராது.

அன்னிக்கு சுகந்திதான் முதல்ல கையைத் தூக்கினா.

"அக்கா, எங்களுக்கு இருக்குறதே ஒரு ரூமும் ஒரு சின்ன அடுப்படியுந்தான். அதுல போட முடியுமா?"

"தாராளமா போடலாம்மா. ஓசூர் குளிருக்கு ஏசி வேண்டாம், ஷெட் வேண்டாம். சுவத்துல ஆணி அடிக்க எடம் இருந்தாப் போதும்."

அப்படித்தான் சொன்னேன். நீங்க எங்க படுப்பீங்கன்னு நான் கேக்கல.

2. பத்து விதி

புதுசா வர்றவங்களுக்கு வேலை என்னன்னு சுருக்கமா சொல்லிடுறேன், அப்பத்தான் பின்னாடி சொல்றது விளங்கும்.

வைக்கோலை ரெண்டு விரக்கடை நீளத்துக்கு வெட்டிக்கணும். நம்ம பக்கம் ராகிதான் அதிகம், வைக்கோல் வெளியிலேர்ந்து வர்ற சரக்கு, அதனால பழசு தலையில கட்டுவாங்க. கருத்த வைக்கோலை வாங்காதீங்க. ஒரு ராத்திரி ஊற வெச்சு, ஒரு மணி நேரம் வேக வெச்சு, துணியில பரப்பி ஆற விடணும். கையில பிடிச்சுப் பிழிஞ்சா தண்ணி சொட்டக் கூடாது, ஆனா உள்ளங்கை நனையணும். அப்புறம் பிளாஸ்டிக் கவர்ல ஒரு அடுக்கு வைக்கோல், ஓரமா ஒரு பிடி விதை, மறுபடி வைக்கோல்னு அடைச்சுக் கட்டணும். இதைத்தான் பெட்டுங்கிறது. அங்கங்க ஓட்டை போட்டு, இருட்டு ரூம்ல கயித்துல தொங்க விட்டா, இருபது நாள்ல பை முழுக்க வெள்ளையா பூஞ்சை பிடிச்சிரும். கவரைக் கீறி, தண்ணி தெளிச்சா மொட்டு வரும். மூணாம் நாளோ நாலாம் நாளோ அறுக்கலாம். ஒரு பெட்டுல மூணு அறுப்பு வரும்.

இதோட பத்து விதி எழுதி, பிரின்ட் போட்டு, எல்லாருக்கும் ஒரு தாள் கொடுப்பேன். கையை டெட்டால் போட்டுக் கழுவு. வெளிச் செருப்போட உள்ள போகாத. ஜன்னலுக்கு வலை கட்டு. பச்சைப் பூஞ்சை பிடிச்ச பெட்டை உடனே தூக்கி வெளிய போடு. இருமல் தும்மல் இருந்தா ரூமுக்குள்ள போகாத. இப்படியே பத்து.

அந்தத் தாளை இப்ப எடுத்துப் பாத்தாத்தான் எனக்குத் தெரியுது. பத்து விதியும் மனுஷங்கிட்டேர்ந்து காளானைக் காப்பாத்துறதுக்கு. காளான்கிட்டேர்ந்து மனுஷனைக் காப்பாத்த ஒண்ணே ஒண்ணுகூட இல்ல. மருந்துக் கம்பெனி லேப்ல இருந்தவ நான். மாஸ்க் போடாம ஒரு பாட்டிலைத் திறக்க விட மாட்டாங்க அங்க. சாப்பிடுற பொருள்தானே, இது என்ன பண்ணிடப் போவுதுன்னு இருந்துட்டேன்.

3. சாமி படத்து மேல விபூதி

சுகந்தி கெட்டிக்காரி. என்கிட்ட வந்தவங்கள்ல பாதிப் பேரு முதல் மாசம் பச்சைப் பூஞ்சை வந்ததும் "இது நமக்கு ஆவாது"ன்னு ஓடிருவாங்க. அவ அப்படி இல்ல. பத்து பெட்ல ஆரம்பிச்சவ ஆறே மாசத்துல நாற்பது பெட் தொங்க விட்டுட்டா.

விதை கொடுக்கப் போனப்போ ஒரு தடவை வீட்டுக்குள்ள போயிப் பாத்தேன். பத்துக்குப் பன்னெண்டு ரூம். மேல தகரக் கூரை, அதுக்குக் கீழ சாக்கு கட்டி இருந்துச்சு. மூணு பக்கமும் பெட்டு, கயித்துல மேலயும் கீழயுமா. ஈரம் போகக் கூடாதுன்னு ஜன்னலை பிளாஸ்டிக் ஷீட் போட்டு அடைச்சிருந்தா. நடுவுல ஒரு பாய், ரெண்டு தலகாணி. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து முனிராஜ் பகல் முழுக்க அந்தப் பாயிலதான் தூங்குவாரு. இருட்டா, ஜில்லுன்னு இருக்குன்னு ரெண்டு பேருக்கும் சந்தோஷம்.

"ஊர்ல காட்டோரமாப் படுத்தாப்பல இருக்குதுக்கா. நல்லாத் தூக்கம் வருது"ன்னாரு முனிராஜ்.

ரெண்டு பேரையும் பாய்ல உக்கார வெச்சு, மேல பெட்டெல்லாம் தெரியிற மாதிரி நானே ஒரு போட்டோ எடுத்தேன். நோட்டீஸ்ல போடலாம்னு.

காளான் எல்லாம் அப்ப ரொம்ப விரிஞ்சிருந்துச்சு. ஓரம் மேல சுருண்டு, கிழியிற பதம். நான் திட்டினேன்.

"என்னம்மா இது, நேத்தே அறுத்திருக்கணும்ல?"

"ஓட்டல்ல பெருசா இருந்தாத்தான் எடுத்துக்கிறாங்கக்கா. சில்லி போடுறதுக்குப் பெரிய எதழு வேணுமாம். அதான் ஒரு நாள் கூட விடுறேன்."

அப்புறம் சிரிச்சுக்கிட்டே ஷெல்ஃப்ல இருந்த முருகர் படத்தைக் காட்டினா. கண்ணாடி மேல வெள்ளையா ஒரு படலம்.

"இதைப் பாருங்கக்கா. தெனமும் காலையில பாத்தா படத்து மேல விபூதி கொட்டியிருக்கு. பக்கத்து வீட்டம்மா தெலுங்குல என்னமோ சொல்லிக் கன்னத்துல போட்டுக்கிட்டுப் போச்சு. சூடம் கூடக் காட்டுச்சுன்னா பாத்துக்கோங்க!"

நானும் சிரிச்சேன். நல்லாச் சிரிச்சேன். "அடி போடி, அது காளான் விடுற தூளு. முத்தினா அப்படித்தான் கொட்டும். சீக்கிரம் அறுத்தா எடையும் குறையாது, தூளும் கொட்டாது. துணி போட்டுத் துடைச்சு விடு"ன்னேன். டிவி மேலயும் அதே படலம். தலகாணி உறை மேலயும் இருந்துச்சு. விரலால தொட்டுக்கூடப் பாத்தேன்.

ஒரு படத்து மேல அவ்வளவு கொட்டுதுன்னா, கீழ படுத்திருக்கிற ஆளோட மூக்குக்குள்ள எவ்வளவு போகும்? இந்தக் கணக்கு எனக்குத் தோணல. மூணாங்கிளாஸ் புள்ளைக்குத் தோணும். எனக்குத் தோணல.

4. கல்லை விட்டாச்சு

அந்த வருஷம் மழை முடிஞ்சு முனிராஜுக்கு இருமல் பிடிச்சுது. வறட்டு இருமல். சாயங்காலமானா குளிர் காய்ச்சல், உடம்பு வலி, காலையில சரியாயிரும். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டாரு. மாரியம்மன் பண்டிகைக்கு ஊருக்குப் போயி ஒரு வாரம் இருந்தாரு, இருமலே இல்ல. மலை ஏறி இறங்கினாராம். ஓசூர் திரும்பி ரெண்டாம் நாளே மறுபடியும் காய்ச்சல்.

எல்லாருக்கும் பதில் ரெடியா இருந்துச்சு. கல்லுத் தூசி. அந்தப் பட்டறையில வேலை பாத்தவங்க ரெண்டு மூணு பேரு நெஞ்சு கெட்டுப் போயி ஊருக்குத் திரும்பினது ஊருக்கே தெரியும். ஊர்ல இருந்தா நல்லா இருக்கு, பட்டறைக்கு வந்தா வருது, அப்ப வேற என்ன? காட்டின டாக்டருங்களும் "என்ன வேலை?"ன்னு கேட்டாங்க, கிரானைட்னு சொன்னாரு, தலையாட்டினாங்க. சளி டெஸ்ட் எடுத்தாங்க, டிபி இல்ல. சுகந்தியும் அதே ரூம்லதானே இருக்கா, அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லையே, அப்படின்னா வீட்ல என்ன குத்தம் இருக்க முடியும்?

என்கிட்ட யோசனை கேக்க வந்தாங்க. நான் யோசிக்கவே இல்ல.

"அந்தக் கல்லை விட்டுத் தொலைங்க முனிராஜ். உசுரு இருந்தாத்தான் எல்லாம். நாற்பது பெட்டை எழுபது ஆக்குங்க. வீட்லயே உக்காந்து பாருங்க. சுத்தமான தொழிலு."

சுத்தமான தொழிலுன்னு சொன்னேன். அவரும் விட்டுட்டாரு. வீட்டோட இருந்தாரு. பகலும் ராத்திரியும் அந்த ரூமுக்குள்ள. அடுப்படிக்கு மேலயும் பரண் கட்டிப் பெட் போட்டாங்க.

நான் அதோட நிக்கல. ஞாயித்துக்கிழமை பயிற்சிக்கு அவரைக் கூப்பிட்டு முன்னாடி நிக்க வெச்சேன். "கல்லுத் தூசியை விட்டுட்டுக் காளானுக்கு வந்தவரு, இவரைப் பாருங்க"ன்னு. மனுஷன் பேச ஆரம்பிச்சு நாலு வார்த்தைக்குள்ள இருமல் வந்துருச்சு. மைக்கைக் கீழ வெச்சுட்டு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டாரு. எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்க.

"ஒண்ணுமில்ல, பழைய கல்லுத் தூசி. உள்ள இருக்கிறது வெளிய வந்துக்கிட்டிருக்கு"ன்னு நான்தான் சமாளிச்சேன். கை கூடத் தட்டினாங்க.

5. டாக்டர் கேட்டது புறா

அடுத்த வருஷம் பாத்ரூம் வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்குற நிலைமை வந்துருச்சு. பத்து கிலோ இளைச்சிட்டாரு. பெங்களூருக்குக் கொண்டு போகச் சொன்னாங்க. முனிராஜுக்குக் கன்னடம் தண்ணிபட்ட பாடு, ஆனா அவரு வாயில மாஸ்க் போட்டு வார்டுல கிடந்தாரு. சுகந்திக்குக் கன்னடம், சாப்டாச்சான்னு கேக்குற "ஊட்டா ஆயித்தா"வுக்கு மேல வராது. அதனால துணைக்கு நான் போனேன்.

ஸ்கேன் எடுத்தப்புறம் பெரிய டாக்டர் எங்க ரெண்டு பேரையும் ரூமுக்குள்ள கூப்பிட்டாரு. ஃபிலிமை வெளிச்சத்துல வெச்சுக் கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம் கேட்டாரு: "மனேலி பாரிவாள சாக்தீரா?"

வீட்ல புறா வளக்குறீங்களான்னு கேக்குறாருன்னு சுகந்திகிட்ட சொன்னேன்.

"புறாவா? ஒரு கோழி கூட இல்லையேக்கா. காளான் மட்டுந்தான் வளக்குறோம்."

காளான்னு நான் கன்னடத்துல சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. எங்கன்னு கேட்டாரு. சுகந்தி பெருமையா போனை எடுத்து அந்தப் போட்டோவைக் காட்டினா. நான் எடுத்த போட்டோ. ரெண்டு பேரும் பாய்ல உக்காந்து சிரிக்கிறாங்க, தலைக்கு மேல நாற்பது பெட்டு. டாக்டர் அதைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தாரு. இவரு இந்த ரூம்லயா தூங்குறாருன்னு என்னைக் கேட்டாரு. ஆமான்னேன்.

அப்புறம் அவரு நிதானமா சொன்னாரு, எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கு. கல்லுத் தூசி நுரையீரல்ல கொஞ்சம் தழும்பு போட்டிருக்கு, அது வேற. இப்ப இவரை மூச்சு முட்ட வைக்கிறது காளான் விடுற தூளு, புறா வளக்குற வீட்லயும் இப்படித்தான் வரும். எல்லாருக்கும் இப்படி ஆகாது, சிலரோட உடம்புக்கு அது சேராது, பொண்டாட்டிக்கு ஒண்ணும் இல்லாம புருஷனுக்கு மட்டும் வரலாம். மருந்து கொடுத்தா கொஞ்சம் தேறுவாரு. ஆனா அந்த ரூமுக்கு அவரு திரும்பக் காலெடுத்து வைக்கக் கூடாது. பெட்டை எடுத்தா மட்டும் போதாது, பாய், துணி, சுவரு எல்லாத்துலயும் அது இருக்கும். வேற வீடு பாருங்க. இன்னொரு தடவை அதுல போயிப் படுத்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.

சுகந்தி என் மூஞ்சையே பாத்துக்கிட்டிருந்தா. "என்னக்கா சொல்றாரு? அம்புட்டு நேரம் பேசுனாரே?"

நான் இதை எழுதுறதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். எழுதிடுறேன்.

"கல்லுத் தூசியால வந்ததாம். வீட்லயும் தூசி தும்பு சேரக் கூடாதாம். நல்லாச் சுத்தம் பண்ணி வைக்கச் சொல்றாரு"ன்னு சொன்னேன்.

பொய் சொல்லணும்னு நினைச்சுச் சொல்லல. வாய் தானா சொல்லிருச்சு. வர்ற ஞாயித்துக்கிழமைக்கு முப்பத்திரெண்டு பேரு பயிற்சிக்குப் பேரு கொடுத்திருந்தாங்க. நோட்டீஸ் அடிச்சாச்சு, நோட்டீஸ்ல அதே போட்டோ. நாளைக்கு ஆற அமர சொல்லிக்கலாம்னு நினைச்சேன். இதுக்குப் பயம்னுதான் பேரு, வேற பேரு கிடையாது. டாக்டர் எங்களைப் பாத்துத் தலையாட்டினாரு. நான் ஒழுங்காச் சொல்லிட்டேன்னு அவரு நினைச்சிருப்பாரு.

6. பதினோரு நாள்

மருந்து கேட்டுச்சு. ஒரு வாரத்துல முனிராஜ் எந்திரிச்சு உக்காந்து இட்லி சாப்பிட்டாரு. டிஸ்சார்ஜ் அன்னிக்கு வேற டாக்டர், சின்னப் பையன், மாத்திரையை விளக்கிட்டு "தூசி படாம பாத்துக்கோங்க"ன்னுட்டுப் போயிட்டாரு. சீட்டுல எல்லாம் இங்கிலீஷ்ல எழுதித்தான் இருந்துச்சு. சுகந்தி அதை மடிச்சு ஃபைல்ல வெச்சுட்டா.

நான் ஒண்ணே ஒண்ணு சொன்னேன், அதுவும் போன்ல. "சுகந்தி, கொஞ்ச நாளைக்குப் பெட் எல்லாம் நிறுத்தி வெச்சுக்கலாமே?"

"மொட்டு வந்துருச்சுக்கா. இருக்குறதை மட்டும் அறுத்து முடிச்சுட்டு நிறுத்திர்றேன். மருந்துச் செலவு இருக்குல்ல."

"சரிம்மா"ன்னேன். அந்த 'சரி'யை நினைச்சா இன்னிக்கும் எனக்கு என்னையே அறையணும் போல இருக்கு.

அவ வீட்டைச் சுத்தம் பண்ணினா. நான் சொன்னேன் இல்ல, சுத்தம் பண்ணச் சொன்னாருன்னு. தினமும் காலையும் சாயங்காலமும் விளக்குமாத்தால தரை, சுவரு, கூரைச் சாக்கு எல்லாத்தையும் கூட்டித் தட்டினா. புருஷன் நடுவுல பாய்ல உக்காந்திருக்க, சுத்தியும் தட்டித் தட்டி எல்லாத்தையும் கிளப்பி விட்டா. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை.

பதினோராம் நாள் மத்தியானம் போன் வந்துச்சு. "அக்கா, அவருக்குப் பேச்சு வரல"ன்னா. நான் ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டுப் போனேன். வாசப்படியில உக்காந்து ரெண்டு கையையும் முட்டியில ஊனிக்கிட்டு, தோள் மேலயும் கீழயும் ஏறி இறங்க, காத்தைத் தேடிக்கிட்டிருந்தாரு. உதடு நாவப்பழம் தின்ன மாதிரி. உள்ள எட்டிப் பாத்தேன். தரை பளிங்கு மாதிரி சுத்தமா இருந்துச்சு. மேல காளான் எல்லாம் விரிஞ்சு கவிழ்ந்து தொங்கிச்சு.

ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நான் கயித்தை அறுத்து அறுத்துப் பெட்டை வெளிய வீசினேன். "ஏங்க்கா, ஏங்க்கா அறுக்குறீங்க, விக்கிற காளான்க்கா"ன்னு சுகந்தி என் கையைப் பிடிச்சா. பக்கத்து வீட்டுக்காரங்க எனக்குத்தான் பைத்தியம்னு நினைச்சாங்க.

ஓசூர் ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருந்தப்போ அவதான் ஆரம்பிச்சா. கேட்டது கோபமா இல்ல.

"அக்கா, அன்னிக்குப் பெங்களூர் டாக்டர் என்ன சொன்னாரு? அவரு சொன்னாப்புல அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். ஒரு வார்த்தை விடாம. புறாவுல ஆரம்பிச்சு வேற வீடு பாருங்கன்னதுல முடிச்சேன். ஏன் அன்னிக்கே சொல்லலன்னும் சொன்னேன். அவ என்னை அடிப்பான்னு நினைச்சேன். அடிச்சிருந்தா வாங்கியிருப்பேன்.

"பதினோரு நாளு"ன்னா. "நானு கூட்டிக்கிட்டே இருந்தேனேக்கா."

நர்ஸ் வந்து கூப்பிட்டப்போ எந்திரிச்சவ, திரும்பி என்கிட்ட குனிஞ்சு சொன்னா: "அவருகிட்ட இதைச் சொல்லிறாதீங்க. கல்லுதான்னே இருக்கட்டும். பெட் போடலாம்னு அவரைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தவ நானு. தண்ணி தெளிச்சவ நானு. சாகப் போற மனுஷன் என்னைப் பாத்துக்கிட்டு அதை நினைக்கக் கூடாது. உங்களுக்காகச் சொல்லல, எனக்காகச் சொல்றேன்."

7. அவரு சொன்ன நன்றி

வேற வீடு மாத்தினோம். மாடி, ரெண்டு பக்கமும் ஜன்னல். வாடகைக்கு ஒரு ஆக்சிஜன் மெஷின். அதுக்கப்புறம் முனிராஜ் நாலு மாசம் இருந்தாரு. நுரையீரல் கெட்டியாயிருச்சு, இனிமே விரியாதுன்னு சொல்லிட்டாங்க.

நான் வாரம் ரெண்டு நாள் போவேன். போகாம இருக்கவும் முடியல, போயி உக்காரவும் முடியல. ஒரு நாள் சாயங்காலம் சுகந்தி மாவு வாங்கப் போயிருந்தா. அவரு என்னைக் கிட்ட வரச் சொன்னாரு. மூக்குல குழாயோட, ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் பேசினாரு.

"அக்கா... அந்தக் கல்லுல இருந்து... என்னை வெளிய எடுத்தது நீங்கதான். கொஞ்சம் முன்னாடியே... உங்களைப் பாத்திருந்தா... தப்பிச்சிருப்பேன். சுகந்திக்குக் கையில ஒரு தொழில்... கொடுத்திருக்கீங்க. இன்னும் கொஞ்சம் பெட்டு... போட்டுக் கொடுங்க அவளுக்கு."

ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டாரு. கையில ஊசி போட்ட இடமெல்லாம் வீங்கிக் கிடந்துச்சு.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு "சரிங்க முனிராஜ்"ன்னேன். அந்த நன்றியை வாங்கிக்கிட்டேன். இருபது வருஷத்துல எத்தனையோ பேரு எனக்கு நன்றி சொல்லியிருக்காங்க. எது ஞாபகம் இருக்குன்னு கேட்டா இது ஒண்ணுதான்.

அவரு ஊரு நாட்றாம்பாளையத்துலதான் அவரை எடுத்தோம். சுகந்தி இப்ப ஒரு கம்பெனியில ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரா இருக்கா. என்கூடப் பேசுறா, எப்பவாச்சும். இதை எழுதலாமான்னு கேட்டேன். "எழுதுங்க. நான் விளக்குமாத்தால கூட்டினதையும் எழுதுங்க. வேற எவளாச்சும் கூட்டிக்கிட்டிருப்பா"ன்னா.

எட்டு மாசம் பயிற்சியை மூடி வெச்சிருந்தேன். அப்புறம் பாத்தா, போன்ல வீடியோ பாத்துட்டு, கட்டிலுக்கு மேல, பிரிட்ஜுக்குப் பக்கத்துலன்னு ஆளாளுக்குப் பெட்டைத் தொங்க விடுறாங்க. நான் மூடுறதால யாரும் நிறுத்தல. அதனால திரும்பவும் திறந்தேன். காளான் கெட்ட பொருள்னு நான் சொல்ல வரல. நானே திங்கிறேன், இன்னிக்கும் விதை விக்கிறேன். ஆனா படுக்கிற ரூம்ல, சமைக்கிற ரூம்ல பெட் தொங்கக் கூடாது. ஓலைக் கொட்டாயா இருந்தாலும் தனியா இருக்கணும், காத்து வந்து போகணும். ஓரம் சுருளுறதுக்கு முன்னாடி அறுக்கணும், ஓட்டல்காரன் என்ன கேட்டாலும் சரி. உள்ள போனா மாஸ்க். விளக்குமாறு தொடவே கூடாது, ஈரத் துணிதான். சாயங்காலம் காய்ச்சல், இருமல் வந்து, ஊருக்குப் போனா சரியாகுதுன்னா, டாக்டர் கேக்காட்டியும் நீங்களே வாயைத் திறந்து "நாங்க காளான் வளக்குறோம்"னு சொல்லுங்க. டாக்டர் ஏதாவது சொன்னா, கூட வந்தவங்க சொல்றதை நம்பிக்கிட்டு எந்திரிச்சு வராதீங்க. எழுதி வாங்குங்க, இன்னொருத்தர்கிட்ட படிக்கக் கொடுங்க. கூட வந்தவ நானா இருந்தாலும் சரி.

இப்ப பயிற்சிக்கு வர்றவங்களை முதல்ல தனித்தனியா உக்கார வெச்சு, எங்க போடப் போறீங்கன்னு கேக்குறேன். தனி இடம் இல்லன்னா விதை கிடையாது, அனுப்பிடுறேன். எவ்வளவோ பேரை அனுப்பியாச்சு.

போன ஞாயித்துக்கிழமை பேகப்பள்ளியிலேர்ந்து ஒரு பொண்ணு வந்தா. அசெம்பிளி லைன்ல வேலை, இருபத்தஞ்சு வயசு இருக்கும். ஒரே ரூமுன்னா. முடியாதுன்னேன். முனிராஜ் கதையை முழுசாச் சொன்னேன். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. கேட்டு முடிச்சதும் எந்திரிச்சா.

"தனி ரூம் இருந்தா நான் ஏன் மேடம் காளான் போட வர்றேன்? வாடகைக்கு விட்டுட்டு உக்காந்திருக்க மாட்டேன்? ரெண்டு ரூம் இருக்கிறவங்களுக்குத்தான் தொழில் சொல்லித் தருவேன்னா போர்டுல எழுதிப் போடுங்க. ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன் நான். லீவு நாள் போச்சு. எவனோ செத்தான்னு எங்களையும் பட்டினி போடுவீங்களா?"

பையை எடுத்து மாட்டிக்கிட்டு வெளிய போனா. மாடிப்படி பூரா திட்டிக்கிட்டே இறங்கினா, கீழ கேட்டு தாண்டியும் குரல் கேட்டுச்சு. நான் ஜன்னல்கிட்ட நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். ஒரு இடத்துலயும் நிறுத்தல, ஒரு இருமல் இல்ல, மூச்சு வாங்கல. அப்படியே திட்டிக்கிட்டே பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போனா.